குடத்துத் தண்ணீரும் ஒரு விண்ணப்பமும்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால், தென்காசியில் வீடு உள்ளவனுக்கு உறவினர்கள் பெருகிவிடுவார்கள். ஐந்தருவியில் குளித்த தலை காய்வதற்குள் ஆளுக்கோர் ஆலோசனை சொல்வார்கள். இந்த வருஷம் அத்தனை ஆலோசனைகளும் என் தங்கை மகளைப் பற்றியவை.

பெண் சமூகவியலில் எம்.ஏ. தேறியவள். பி.எட். முடித்து உள்ளூரிலேயே டீச்சராகட்டும் என்பது தங்கையின் எண்ணம். அவளோ பொதுச் சுகாதாரத்தில் எம்.பி.எச். பட்டம் படிக்கப் போவதாக ஒரே பிடியாக நின்றாள்.

"டாக்டருக்குப் படிக்காத பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் என்ன ஜோலி?" என்றார் வந்திருந்த பெரியவர் ஒருவர். பெண்ணின் முகம் வாடிவிட்டது. தகப்பன் இல்லாத பெண். படிப்பென்றால் கல்யாணத்துக்குச் சேர்த்த நகையில் கை வைக்க வேண்டும். தங்கை பயந்ததில் வியப்பென்ன?

அன்றிரவு தன் விண்ணப்பக் கட்டுரையை என்னிடம் காட்டினாள். "மருத்துவம் படிக்காதவளாயினும், தொண்டு செய்ய வாய்ப்பளிக்க வேண்டுகிறேன்" என்று தொடங்கியிருந்தாள்.

"நீ என்ன கடனா கேட்கப் போகிறாய்? கடையநல்லூர்ப் பக்கம் கண்டதை எழுதம்மா!" என்றேன்.

2012-ல் கடையநல்லூர் வட்டாரத்தில் டெங்குக் காய்ச்சல் பரவி உயிர்களையும் பலி கொண்டது. அந்தக் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நாம் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீரில்தான் குடித்தனம் நடத்தும். முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரைக் கொட்டினால் போதாது. வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவ வேண்டும். இதையெல்லாம் டாக்டர் சொல்லிவிடுவார். ஆனால் வீட்டில் ஏன் பத்துக் குடம் நிறைந்து நிற்கிறது? எம்.ஏ. ஆய்வுக்காகப் பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கப் போனபோது ஒருத்தி இவளிடம் சொன்னாளாம்: "கொழாயிலே தண்ணி என்னைக்கு வரும்னு சொல்லுங்க தாயி, அன்னைக்கே கொடத்தைக் கவுத்திருதேன்!"

இப்படி ஜனங்களைக் கேட்டு அறிவது புதிய சங்கதி அல்ல. பெங்களூர் தேசியக் காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் பானர்ஜியும் ஆண்டர்சன் என்பவரும், தும்கூர் ஜில்லாக் கிராமங்களில் காசநோய் அறிகுறி உள்ளவர்களை விசாரித்து 1963-ல் முடிவை வெளியிட்டார்கள். கிராமத்தாருக்கு விவரம் போதாது என்பதுதானே பொதுவான எண்ணம்? பாதிப் பேருக்கு மேல் தாங்களாகவே வைத்திய நிலையங்களுக்குப் போயிருந்தார்கள்! அங்கே இருமல் மருந்து கொடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். குறை எந்தப் பக்கம் என்பது, கேட்டதனால் அல்லவா தெரிந்தது? அதே பானர்ஜிதான் பின்னர் டில்லி ஜவாஹர்லால் நேரு சர்வகலாசாலையில் சமூக மருத்துவ மையத்தை உருவாக்கினார்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உதவும் என்பதால் மற்ற விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் வைத்தியப் பட்டம் இல்லாமல் முடியாது. மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனமும், செங்கோட்டை மலைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில் 1997 முதல் இந்தப் படிப்பை நடத்தும் அச்சுத மேனன் மையமும் மற்றத் துறையினருக்கும் இடமளிப்பவை. விதிகள் மாறக்கூடும், அந்தந்த வருஷ அறிவிப்பைப் படித்துவிட்டே பணம் கட்ட வேண்டும். உதவித்தொகை உண்டா என்று முதலிலேயே விசாரிப்பது நல்லது. புள்ளியியல் கட்டாயம் வரும்; அதைத் தூசி தட்டிக்கொள்ள வேண்டும். எந்த ஊரில், எத்தனை வீட்டில், என்ன கேட்டோம் என்பதைக் கட்டுரையில் கணக்காக எழுத வேண்டும்.

அவள் முழுவதையும் திருத்தி எழுதினாள். முதல் வரியிலேயே பத்துக் குடங்கள் வந்து நின்றன. உரக்கப் படிக்கும்போது, அடுப்படியில் இருந்த தங்கை கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள்.

"நம்ம வீட்டுப் பின்கட்டிலே இருக்கிற அண்டாவை விட்டுட்டியேடி!" என்றாள்.

விண்ணப்பத்தில் அண்டாவும் சேர்ந்தது. பதில் இன்னும் வரவில்லை. ஆனால் பி.எட். பேச்சைத் தங்கை அப்புறம் எடுக்கவே இல்லை.