மானம் போவது யாருக்கு?

சில ஆண்டுகளுக்கு முன் கிள்ளானிலிருந்து ஓர் அம்மையார் பிரிக்பீல்ட்ஸிலுள்ள நம் வீட்டிற்கு வந்து, வெகுநேரம் வாய் திறவாமல் அமர்ந்திருந்தார். கடைசியில், "மாமன் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று பிள்ளை அழுகிறாள், ஐயா" என்றார். விஷயம் விளங்கிற்று. நாம் அளித்த பதில் என்ன? "பொறுங்கள் அம்மா, வெளியே தெரிந்தால் பெண்ணுக்குத்தான் கெட்ட பெயர்" என்பதே. மேடைதோறும் சீர்திருத்தம் பேசிய நாம் அன்று பேசியது கோழைத்தனம். அதனை ஒப்புக்கொள்ளவே இதனை எழுதுகிறோம்.

தோழர்களே! களவு கொடுத்தவரை எவரேனும் இகழ்வதுண்டோ? தோட்டத்து லயமாயினும் பட்டணத்து அடுக்குமாடியாயினும், இக்கொடுமையில் மட்டும் குற்றம் ஒருவனுடையதாகவும் வெட்கம் குழந்தையினுடையதாகவும் இருப்பது என்ன நியாயம்? நமது மௌனமே அவனுக்கு அரண்.

ரிச்சர்ட் ஹக்கிள் என்னும் ஆங்கிலேயன் கோலாலம்பூரின் ஏழைக் குடும்பங்களிடையே ஆசிரியனாகவும் தொண்டனாகவும் பழகி, பல ஆண்டுகள் குழந்தைகளைச் சீரழித்தான். ஆஸ்திரேலியப் போலீசார் தந்த தகவலின்மேல் 2014இல் இங்கிலாந்தில் பிடிபட்டு, 71 குற்றங்களை ஒப்புக்கொண்டு, 2016இல் ஆயுள் தண்டனை பெற்றான்.

அதற்கு மறு ஆண்டே, 2017இல், குழந்தைகளுக்கெதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் நம் நாட்டில் அமுலுக்கு வந்தது. 18 வயதுக்குட்பட்ட அனைவருக்கும் அது காப்பு. பெற்றோர், உறவினர், ஆசிரியர் போன்று நம்பப்பட்டவர் குற்றம் புரிந்தால் தண்டனை கூடும். குழந்தையின் சாட்சியம் ஒன்றைக்கொண்டே தீர்ப்பளிக்கவும் இடமுண்டு. அறிந்தும் போலீசுக்கு அறிவியாதிருப்பதும் குற்றமாகும்.

ஆகவே, பிள்ளை வாய் திறந்தால், "உன்னை நம்புகிறோம், உன்மேல் பிழையில்லை" என்று முதலிற் சொல்லுங்கள். குளிப்பாட்டாமலும், உடுத்த துணியைத் துவைக்காமலும், கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரிக்கோ கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரிக்கோ அழைத்துச் செல்லுங்கள். அங்கு அவசரப் பிரிவிலேயே மருத்துவ உதவியும், போலீஸ், சமூக நல இலாகா ஆகியவற்றின் உதவியும் ஓரிடத்தில் கிட்டும். 15999 என்னும் அரசாங்கத் தொலைபேசி இரவும் பகலும் உண்டு. வயது வந்த பெண்களுக்கு, 1982 முதல் தொண்டாற்றும் டபிள்யூ.ஏ.ஓ. என்னும் பெண்கள் உதவிக் கழகமும் துணை நிற்கும்.

அவ்வம்மையார் நம் சொல்லைக் கேட்கவில்லை. அன்று மாலையே மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போலீஸ் நிலையப் படியேறினார். நூல் பல கற்ற நம்மினும் அவரே சீர்திருத்தக்காரர்.