துடைப்பம் யார் கையில்?

எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்துப் பிள்ளைகள் ஆறு பேரை ஊருக்குள் நடக்கும் ஒரு கராத்தே வகுப்பில் சேர்த்திருந்தோம். இரண்டாவது மாதமே ஒரு பையன் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். "கிளாஸ் முடிஞ்சா பெருக்கச் சொல்றாங்கக்கா. எப்பவும் எங்க ஆறு பேரையேதான். கேட்டா, இதுதான் கராத்தே மரபுன்னு சொல்றாரு மாஸ்டர்." அவன் அம்மா நகராட்சியில் தூய்மைப் பணியாளர். அவனுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை, எங்களுக்கும்தான்.

மரபு என்ற சொல்லைக் கேட்டாலே நாங்கள் உஷாராகிவிடுவோம். ஆனாலும் சண்டைக்குப் போகும் முன் அந்த மரபு என்னதான் சொல்கிறது என்று தேடிப் படித்தோம்.

அங்கே கற்றுக்கொடுப்பது கோஜு-ரியூ. 'கோ' கடினம், 'ஜு' மென்மை. ஒகினாவாத் தீவின் நாஹா நகரைச் சேர்ந்த மியாகி சோஜுன் (1888–1953) உருவாக்கிய பாணி. போட்டிகளுக்காக அதை வளைக்காமல், அவர் கற்றுக்கொடுத்தபடியே காக்க வேண்டும் என்று ஹிகாவொன்னா மோரியோ 1979இல் சர்வதேச ஒகினாவா கோஜு-ரியூ கராத்தே-டோ கூட்டமைப்பைத் தொடங்கினார். இன்று பல நாடுகளில் அதற்குக் கிளைகள் உண்டு. மூச்சையும் நிற்கும் நிலையையும் பழக்கும் சான்சின் கத்தா, கல் பொருத்திய தடி, விரல்களால் விளிம்பைப் பற்றித் தூக்கும் ஜாடி ஆகியவைதான் இன்றும் அடிப்படைப் பயிற்சி.

ஏன் இத்தனை பிடிவாதம் என்று கேட்டால் வரலாறு பதில் சொல்கிறது. ஒகினாவா ஒரு காலத்தில் ரியூக்யூ என்ற தனி அரசு. 1879இல் ஜப்பான் அதைத் தன் மாவட்டமாக்கிக்கொண்டது. பிறகு பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் மரப்பலகையைத் தொங்கவிட்டார்கள். அப்படிப் பேசும் இன்னொரு பிள்ளையைப் பிடித்துக்கொடுத்தால்தான் பலகை கழுத்தைவிட்டு இறங்கும். கராத்தேயின் பெயர்கூடத் தப்பவில்லை. 'சீனக் கை' என்ற பொருளில் எழுதப்பட்டு வந்ததை 'வெறுங்கை' என்று எழுத 1936இல் நாஹாவில் கூடிய ஆசான்கள் ஒப்புக்கொண்டார்கள். சீனாவுடன் முழுப் போர் மூள்வதற்கு முந்தைய ஆண்டு அது. 1945 போரில் தீவு மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் செத்தார்கள். தன் தலைமாணாக்கர் ஷின்சாதோ ஜின்அன்னை அந்தப் போரில்தான் மியாகி இழந்தார். மிஞ்சியதைத்தான் காப்பாற்றுகிறார்கள்.

ஆனால் நசுக்கப்பட்டவர்களின் வரலாறு என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட வேண்டியதில்லை, தோழர்களே. 1903 ஒசாகா கண்காட்சியில் ஒகினாவாப் பெண்களை அய்னு மக்களோடும் தைவான் பழங்குடிகளோடும் காட்சிப் பொருளாக நிறுத்தினார்கள். ஒகினாவா கொதித்தது. மனிதரைக் காட்சிக்கு வைப்பதா என்பதைவிட, எங்களை அவர்களோடு சேர்ப்பதா என்ற குரலே அதில் ஓங்கி ஒலித்தது. அண்ணல் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை கடல் கடந்தும் இப்படித்தான் வேலை செய்கிறது. மிதிபட்டவனுக்கும் மிதிக்க ஒரு படி கீழே தேவைப்படுகிறது.

துடைப்பத்துக்கு வருவோம். பயிற்சிக்கூடத்தைச் சுத்தம் செய்வது உண்மையிலேயே அந்த மரபின் பகுதிதான். ஆனால் அங்கே அது எல்லோருக்குமான வேலை. கறுப்புக் கச்சை கட்டியவரும் குனிந்து தரை துடைக்கிறார். அங்கேயும் மேல் கீழ் உண்டு. ஆனால் கச்சையின் நிறம் பிறப்பால் வருவதில்லை. வியர்வை சிந்தியவர் எவரும் அடுத்த நிறத்துக்குப் போகலாம். அந்த வேலையை ஆறு பிள்ளைகளின் தலையில் மட்டும் கட்டியது ஒகினாவா அல்ல, நம் ஊர்.

மாஸ்டரைப் போய்ப் பார்த்தோம். "நீங்க சொன்ன மரபு சரிதாங்க சார். ஆனா அதுல எல்லாரும் பெருக்கணும்" என்றோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான் அப்படி யோசிச்சுப் பார்க்கல" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் சுவரில் முறைப்பட்டியல் ஒட்டியிருந்தது. அதில் அவர் பெயரும் இருந்தது.

இரண்டு வீட்டார் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். துடைப்பம் தொடவா காசு கட்டினோம் என்று கேட்டார்களாம். எங்கள் பையன் மறுபடியும் போகிறான். அவன் முறை வெள்ளிக்கிழமை.