தொலைந்த திறவுகோல்

அப்பாவின் நாட்குறிப்புகளைப் படமாக்கி, கடல் கடந்து வாழும் அக்காவும் அண்ணனும் படிக்கச் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. குடும்பத்தின் அந்தரங்கத்தைப் பெருநிறுவனங்களின் சேமிப்பகத்தில் ஒப்படைக்க மனம் இடந்தரவில்லை. வீட்டு இணைப்புக்கோ நிலையான வெளிமுகவரி இல்லை. இவ்விரு தடைகளையும் ஒருங்கே நீக்கியது டோர் வலையமைப்பு.

1990களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்திற் கருக்கொண்டு, 2002இல் வெளிவந்தது அது. செய்தியை உறைமேல் உறையாக மறைத்து, தொண்டர்கள் நடத்தும் இடைநிலைக் கணினிகளினூடாக அனுப்புவதால் ‘வெங்காய வழி’ எனப் பெயர்பெற்றது. அதில் நாமே சேவையொன்றை நடத்தும்போது, வருபவர் நம் வாசலுக்கு வருவதில்லை. அவருடைய கணினியும் நம்முடையதும் தனித்தனி வழியே புறப்பட்டு, இடையில் ஓரிடத்திற் சந்திக்கின்றன. பொதுவாக ஆறு இடைநிலைகள். ஒருவர் இருப்பிடத்தை மற்றவர் அறியார். வீட்டு ரவுட்டரில் எவ்வழியையும் திறந்துவைக்கவும் வேண்டியதில்லை.

பழைய மடிக்கணினி ஒன்று இப்பணியை ஏற்றது. 56 எழுத்துகள் கொண்ட அதன் முகவரியை அக்கா தன் சமையற் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தார். இரவுதோறும் அப்பாவின் கையெழுத்தைப் படித்துவிட்டே உறங்குவதாகச் சொன்னார்.

மாரிகால இரவொன்றில் வன்தட்டு பழுதாயிற்று. நாட்குறிப்புகளின் பிரதி வேறிடத்தில் இருந்தமையால் நான் கலங்கவில்லை. ஒரே மாலையில் யாவற்றையும் மீளமைத்தேன். ஆனால் கணினி காட்டியதோ வேறொரு முகவரி!

உண்மை அப்போதுதான் உறைத்தது. அம்முகவரியை எந்த அலுவலகமும் எனக்கு வழங்கியதன்று. என் கணினி தானே ஆக்கிய மறைத்திறவுகோலிலிருந்து பிறந்தது. நூறு பைட்டுகளுக்கும் குறைந்த அச்சிறு கோப்பையே நான் பிரதியெடுக்காது விட்டிருந்தேன். சாதாரண இணையப் பெயராயின், பதிவு செய்தவரிடம் முறையிட்டு மீட்கலாம். இங்கு முறையிட எவருமிலர். எவராலும் பறிக்க முடியாதது எனப் பெருமைகொண்ட முகவரியை எவராலும் திருப்பித் தரவும் முடியவில்லை.

“அப்பாவின் வீட்டுக்கு வழி தெரியவில்லையே, தம்பி” என்றார் அக்கா தொலைபேசியில். புதிய முகவரியை எழுத்தெழுத்தாகச் சொன்னேன்; பழையதை வெட்டாமல் அதன் கீழே எழுதிக்கொண்டார்.

திறவுகோலின் பிரதி கைக்கெட்டியவர் எவரும் நம் பெயரிலேயே வாசல் திறந்து அமரலாம் என்பதால், அதை எங்கும் போட்டுவைக்கவும் இயலாது. இன்று அது அப்பாவின் அலுமாரியில், அந்நாட்குறிப்புகளுக்கு அடியில், முத்திரையிட்ட உறையொன்றில் இருக்கிறது. அலுமாரியின் திறப்பு என் இடுப்பில்.