தரிசனம் அல்ல, டிரான்ஸ்ஃபர்!

"பிரதர், வாலிபர் ஊழியத்துக்கு உங்களுக்கு எப்படி அழைப்பு வந்தது?" என்று யாராவது பயபக்தியோடு கேட்டால் எனக்குக் கூச்சமாக இருக்கும். மலை உச்சி, வெளிச்சம், அசரீரி என்று எதையோ எதிர்பார்த்துக் கேட்கிறார்கள். எனக்கு அப்படி எதுவும் நேரவில்லை. என் அப்பாவுக்கு டிரான்ஸ்ஃபர் வந்தது. அவ்வளவுதான்!

அப்பா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர். மானாமதுரை, திண்டுக்கல், விருதுநகர், செங்கோட்டை என்று ஊர் ஊராகப் போனோம். கடன் கொடுத்த பென்சிலைத் திருப்பி வாங்குவதற்குள் அடுத்த ஊருக்கு டிரங்குப் பெட்டி ஏறிவிடும். புது ஊரில் இறங்கியதும் அம்மா பால்காரரை விசாரிப்பார். அப்பா சர்ச்சை விசாரிப்பார். (வம்பு வழக்குச் சர்ச்சை அல்ல, ஞாயிற்றுக்கிழமை போகிற சர்ச்!)

ஒவ்வொரு சர்ச்சும் ஒவ்வொரு தினுசு. ஒன்றில் பாய் விரித்து, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். இன்னொன்றில் பளபள பெஞ்ச். ஆனால் பெஞ்சுக்குப் பெஞ்சு எழுதப்படாத பட்டா உண்டு. தெரியாமல் உட்கார்ந்துவிட்டால், ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து மெளனமாக நிற்பார். நமக்காக ஜெபம் பண்ணுகிறாரோ என்று நினைப்போம். இடத்தைக் காலி பண்ணச் சொல்கிறார்!

இப்படி எழுந்து எழுந்து, பத்து வயதுக்குள் கடைசி பெஞ்ச் எனக்கு நிரந்தரமாகிவிட்டது. அங்கிருந்து எல்லோருடைய முதுகும் தெரியும். நம் முகம் யாருக்கும் தெரியாது. ஆராதனை முடிந்ததும் வாசலில் கும்பல் கும்பலாக நின்று பேசுவார்கள். புதுப் பையனோ செருப்பைத் தேடுகிற பாவனையில் ஐந்து நிமிஷத்தை ஓட்ட வேண்டும்.

விருதுநகரில்தான் அது மாறியது. மணி அடிக்கும் தாத்தா ஒருவர் இரண்டாவது வாரமே, "தம்பி, சும்மாதான நிக்கிற? இந்தக் கயித்தப் பிடி" என்றார். பிடித்தேன். மணி என்னையும் சேர்த்து அரையடி மேலே தூக்கியது! அடுத்த வாரம், "ஏன்டா லேட்டு?" என்று அதட்டினார். நான் வராவிட்டால் தேடுவதற்கு அந்த ஊரில் ஒரு ஆள்! அன்றிலிருந்து அது 'எங்க சர்ச்'.

பிற்பாடு வேலைக்குச் சென்னை வந்தேன். பி.காம். என்பதால் சபையில் கணக்கு எழுதக் கூப்பிட்டார்கள். அப்படியே வாலிபர் ஐக்கியத்தையும் என் தலையில் கட்டினார்கள். வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

இந்த வேலைக்குப் பெரிய பெரிய தகுதியெல்லாம் வேண்டியதில்லை என்று எனக்குத் தைரியம் கொடுத்தவர் ஒரு ஜவுளிக்கடைச் சிப்பந்தி. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.வைத் தாண்டிப் போயிருப்பீர்களே, அந்த ஒய்.எம்.சி.ஏ.வை ஆரம்பித்தவர் பிஷப் அல்ல. ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற கிராமத்துப் பையன். 1841-ல் லண்டன் வந்து துணிக்கடையில் சேர்ந்தார். வெளியூர்ப் பையன்கள் கடையோடேயே தங்கி, காலையிலிருந்து ராத்திரி வரை வேலை பார்த்த காலம். ஓய்வு கிடைத்தால் போக்கிடம் தெருவும் மதுக்கடையும்தான். 1844 ஜூன் 6-ம் தேதி, 11 பேரைச் சேர்த்துக்கொண்டு சங்கத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 22! 1890-ல் அது சென்னைக்கும் வந்தது. மேன்ஷனில் குடியிருந்த யாருக்கும் அதன் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை.

எங்கள் ஐக்கியத்திலும் கிடார் உண்டு, கேரம் உண்டு, வேதபாடம் உண்டு. ஆனால் என் முக்கியமான வேலை, கடைசி பெஞ்சைப் பார்ப்பது.

ஒரு ஞாயிறு, அங்கே ஒரு பையன். ஆராதனை முடிந்ததும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். செருப்பு அவன் காலில் இருந்தது!

"தம்பி, நாற்காலி அடுக்கணும். ஒரு கை பிடிப்பா."

நாலாவது வாரம் டீக்கடையில் வாயைத் திறந்தான். வேலை போய் ஒன்றரை மாசம். ஊருக்கும் தெரியாது, ரூமில் இருப்பவர்களுக்கும் தெரியாது. தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பி, சீசன் டிக்கெட்டில் தாம்பரத்துக்கும் பீச்சுக்குமாகப் போய்ப் போய் வந்துகொண்டிருந்தான்.

"சீசன் இருபத்தெட்டாம் தேதியோட முடியுதுண்ணா. அப்புறம் எங்க போறதுன்னு தெரியல."

அவன் அதைச் சொன்ன விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. அன்று ராத்திரி அவனை ரூமுக்கு அனுப்பவில்லை. என் வீட்டிலேயே பாய் போட்டேன். காலையில் பக்கத்தில் உட்கார்ந்து அவன் அப்பாவுக்கு ஃபோன் போட வைத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "சாப்டியாப்பா?" என்று மட்டும் கேட்டார். பையன் தேம்பித் தேம்பி அழுதான்.

ஐக்கியத்தில் ஒருவர் ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறார். பையனுக்கு டாலி தெரியும். இரண்டு மாசத்தில் ஒரு வேலை அமைந்தது. சம்பளம் பழையதைவிடக் குறைவு. ஆனால் இப்போது ரயிலேறினால் இறங்க ஒரு ஸ்டேஷன் இருக்கிறது.

இன்றைக்கு நாற்காலி இலாகாவின் மந்திரி அவன்தான். போன வாரம் ஒரு புதுப் பையன் வாசலில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தான். நான் எழுந்திருப்பதற்குள் இவன் போய்ச் சேர்ந்துவிட்டான்.

"பிரதர், சும்மாதான நிக்கிறீங்க? அந்த நாற்காலியக் கொஞ்சம் பிடிங்க!"