முகவரியும் மனிதனும்

கரவெட்டியின் பல வீடுகளில் அடுப்பெரிவதற்குக் கடல் கடந்த உழைப்பே காரணம் என்பதை நாம் அறிவோம். இலண்டனிலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் நம்மவர் வியர்வை சிந்தி மிச்சம் பிடித்த காசு, வங்கி வழியாகவும் உண்டியல்காரர் வழியாகவும் ஊருக்கு வருகிறது. இன்று இளைஞர் சிலர் மூன்றாவது வழியொன்றையும் பேசுகின்றனர். அதுவே பிட்கொயின் முதலிய மறையீட்டு நாணயம். இதன் ஆபத்தைக் குறித்து இலங்கை மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் மக்களை எச்சரித்தது. எனினும், எச்சரிக்கையோடு நமது கடமை முடிந்துவிடுவதில்லை. அதன் இயல்பையும் விளக்க வேண்டும்.

முன்பு காசுக்கட்டளையில் கரவெட்டி கிழக்கு என்பதற்குப் பதிலாக மேற்கு என்று எழுதிவிட்டாலும், ஊரை அறிந்த தபாற்காரர் உரியவரைத் தேடிக் கண்டுபிடிப்பார். வங்கியில் கணக்கிலக்கம் பிழைத்தால் முறையிடுவதற்கு ஓர் அலுவலகமாவது உண்டு. மறையீட்டு நாணயத்திலோ தபாற்காரரும் இல்லை, முறையிடும் இடமும் இல்லை. எத்தீரியம் முகவரி என்பது 42 குறிகள் கொண்ட ஒரு கோவை. அதில் பெயரில்லை, ஊரில்லை. அனுப்பியதைத் திரும்ப அழைக்கவும் முடியாது.

ஓர் எழுத்து மாறிப் போவதைக் கண்டுபிடிக்கும் கணக்கொன்று இம்முகவரிகள் பலவற்றில் பொதிந்துள்ளது. பழைய பிட்கொயின் முகவரிகளில், ஒன்றையொன்று ஒத்த சுழியத்தையும் பெரிய 'ஓ'வையும், பெரிய 'ஐ'யையும் சிறிய 'எல்'லையும் விலக்கியே வைத்தனர். ஆனால் முழு முகவரியையே மாற்றிவிடும் திருட்டை இக்காவல் தடுக்காது. நாம் பிரதியெடுத்த முகவரியை, ஒட்டும் வேளையில் தன் முகவரியாக மாற்றிவிடும் தீய நிரல்கள் உண்டு. முதற் குறிகளும் இறுதிக் குறிகளும் ஒத்திருக்கும் போலி முகவரியை உருவாக்கி, அதிலிருந்து அற்பத் தொகையொன்றை அனுப்பி, நமது பழைய கணக்குப் பட்டியலில் அதை இடம்பெறச் செய்வோரும் உண்டு. முதலும் முடிவும் மட்டுமே பார்ப்பது மனித வழக்கம் என்பதைத் திருடன் நன்கறிவான்.

2024 மே மாதத்தில் ஒருவர் இவ்வலையில் சிக்கி, ஏறத்தாழ 6 கோடியே 80 இலட்சம் டொலர் பெறுமதியான நாணயத்தை இழந்தார். உலகமே அதைக் கவனித்தது. பேச்சுவார்த்தையின் பின் பெரும்பகுதி திரும்பியது. உணவகத்தில் கோப்பை கழுவி ஐந்நூறு டொலர் அனுப்பும் நம் பிள்ளைக்காக எவர் பேச்சுவார்த்தை நடத்துவார்?

எவரையும் நம்பத் தேவையில்லை என்பதே இம்முறையின் சிறப்பென்று அதன் ஆதரவாளர் கூறுகின்றனர். எவரையும் நம்பாத இடத்தில் எவரும் பொறுப்பேற்பதுமில்லை. இழப்பு முழுவதும் தனிமனிதன் தலையிலேயே விழுகிறது; வசதியற்றவனை அது வீழ்த்தியே விடுகிறது.

ஆகவே இவ்வழியில் இறங்குவோர் சிலவற்றைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். பழைய பட்டியலிலிருந்து முகவரியை எடுக்கலாகாது. பெறுபவரிடமே கேட்டுப் பெற வேண்டும். ஒட்டிய பின், நடுப்பகுதி உட்பட முழுவதையும் ஒப்பிட வேண்டும். முதலில் சிறுதொகை அனுப்பி, அது கிடைத்ததென்று பெறுபவர் வாயாலேயே கேட்டறிந்த பின்பே மீதியை அனுப்ப வேண்டும். அச்சகத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்த்ததைப் போல, இருவர் சேர்ந்து பார்ப்பது இன்னும் நன்று.

நமது சனசமூக நிலையங்களில் ஆசிரியரும் மாணவரும் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி இதைக் கற்பிக்கலாம். தபாற்காரர் இல்லாத இடத்தில் அயலவரேனும் துணை நிற்கட்டும்.