கையொப்பம் இருந்தது, பம்ப் இருக்கவில்லை



போன கிழமை எங்கள் பழைய மாணவர் ஒருவர் கோல் எடுத்தார. இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம், ஒரு மாணவர் சங்கத்தின் செயலாளர். புதிய மாணவர்களை மலையேறக் கூட்டிப் போகப் போகிறார்களாம். சிரேஷ்ட பொருளாளரின் கையொப்பம், பீடாதிபதியின் அனுமதி, பஸ்ஸின் பத்திரங்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள் போல. "சேர், நீங்க சுற்றுலாவுக்குப் பாவிக்கிற சம்மதப் படிவம் இருந்தா வட்ஸ்அப்பில போட்டு விடுங்க" என்றார்.

போட்டு விட்டோம். ஆனால் அந்தப் படிவம் ஏன் இப்படி இருக்கிறது என்பதை இரண்டு நிமிட வொய்ஸில் சொல்ல முடியாது. பிள்ளைகளைச் சுற்றுலா அனுப்பும் உம்மா வாப்பாமாருக்கும் இதில் விஷயம் இருப்பதால் இங்கே எழுதுகிறோம். நாங்கள் என்றால் பாடசாலைச் சுற்றுலாக் குழுவில் இருந்த மூன்று ஆசிரியர்கள்.

சில வருடங்களுக்கு முன் தரம் 10 பிள்ளைகள் 48 பேரைக் கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் கூட்டிப் போனோம். பைல் நல்ல மொத்தமாக இருந்தது. அதிபரின் கடிதம், வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி, பஸ்ஸின் காப்புறுதி, சாரதியின் அனுமதிப்பத்திரப் பிரதி, பெயர்ப்பட்டியல், 48 சம்மதக் கடிதங்கள். பெயர்ப்பட்டியலில் ஒரு பிரதி குறைந்ததற்காக ஒரு தடவை பைல் திரும்பி வந்தது. அலைந்த அலைச்சலில், அனுமதி கிடைத்த அன்றே பயணம் நல்லபடியாக முடிந்த மாதிரி எங்களுக்கு ஒரு நிம்மதி.

அந்தச் சம்மதக் கடிதம் உங்களுக்கும் பழக்கமானதுதான். பிள்ளையை அனுப்ப விருப்பம், வழியில் ஏதும் நடந்தால் பாடசாலை பொறுப்பல்ல, கீழே கையொப்பம். நடுவில் ஒரு வரி: நோய்கள் ஏதும் உண்டா? 48 பேரும் "இல்லை" என்று எழுதியிருந்தார்கள். 48 பிள்ளைகளில் ஒருவருக்கும் ஒரு வருத்தமும் இல்லை என்றால் அது எங்கள் ஊராக இருக்க முடியுமா? அதை அப்போது நாங்கள் யோசிக்கவில்லை.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கும் மேலே. எங்கள் பிள்ளைகள் கடற்கரைப் பிள்ளைகள். பனிமூட்டத்தைக் கண்டு ஓடி விளையாடினார்கள். இரவு இரண்டு மணி போல டீச்சர் வந்து எங்கள் கதவைத் தட்டினார். ஒரு மகளுக்கு முட்டு. மூச்சை இழுக்கிற சத்தம் வாசலுக்கே கேட்டது. உதடு கறுத்துப் போயிருந்தது. பம்ப் இல்லை. 1990க்கு அடித்தோம், அம்புலன்ஸ் வந்தது.

வைத்தியசாலையில் டொக்டர் கேட்டது சின்னக் கேள்விகள். எத்தனை வயதிலிருந்து முட்டு? என்ன மருந்து பாவிக்கிறார்? எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா? கடைசியாக எப்போது வார்ட்டில் இருந்தார்? பைல் எங்கள் கையில்தான் இருந்தது. பஸ்ஸின் இஞ்சின் இலக்கம் கூட அதில் இருந்தது. பிள்ளையைப் பற்றி ஒன்றுமே இல்லை.

அல்ஹம்துலில்லாஹ், விடியும்போது மகள் எழுந்து உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டார்.

உம்மாவுக்குக் கோல் எடுத்தபோது எங்களுக்குக் கோபம்தான் இருந்தது. ஏன் எழுதவில்லை என்று கேட்டோம். அவர் அழுதுகொண்டே சொன்னார்: "எழுதினா நீங்க ஏத்திட்டுப் போக மாட்டீங்க எண்டுதான் சேர். போன வருஷம் அந்தப் புள்ளய விட்டுட்டுத்தானே போனீங்க."

கோபம் அந்த இடத்தில் போய்விட்டது. அதற்கு முந்திய வருடம் ஒரு வாப்பா, மகனுக்கு வலிப்பு இருக்கிறது, மருந்து எடுக்கிறார் என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தார். நாங்கள் மூவரும் இருந்து பேசி, பொறுப்பெடுக்க முடியாது என்று முடிவெடுத்தோம். அது சரியான முடிவு என்றே நினைத்தோம். காசைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். மறைத்தால்தான் பிள்ளை பஸ் ஏறும் என்பதை ஊருக்குப் படிப்பித்தது நாங்கள்தான்.

அடுத்த வருடம் படிவத்தை மாற்றினோம். 'பொறுப்பல்ல' என்ற வரியை எடுத்தோம். அதிபர் தயங்கினார். கவனமில்லாமல் நடந்துவிட்டு அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒளிய முடியுமா சேர் என்று கேட்டோம், ஒத்துக்கொண்டார். முதல் வரியாக, இங்கே எழுதும் எந்த நோய்க்காகவும் பிள்ளையை நிறுத்த மாட்டோம் என்று போட்டோம். டொக்டர் வேண்டாம் என்று சொல்லும் இடம் இருந்தால், மாற வேண்டியது பிள்ளை அல்ல, பயணத் திட்டம். பிறகு முட்டு, வலிப்பு, ஒவ்வாமை, பஸ்ஸில் சத்தி, நீந்தத் தெரியுமா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டோம். மருந்து இரண்டு செட், ஒன்று பிள்ளையிடம், ஒன்று எங்களிடம். பெண் பிள்ளைகளின் படிவத்தை டீச்சர் மட்டுமே பார்ப்பார்.

அந்த வருடம் 11 படிவங்களில் ஏதோ ஒரு வருத்தம் எழுதப்பட்டிருந்தது. ஒரு உம்மா பின்பக்கம் முழுவதும் எழுதியிருந்தார். பணிமனை அதே பைலை அதே மாதிரிப் பார்த்து அனுமதி தந்தது. அங்கே ஒரு வித்தியாசமும் இல்லை.

வலிப்பு இருந்த அந்தத் தம்பிக்கு இந்தப் படிவம் கிடைக்கவில்லை. ஓ.எல். எழுதிவிட்டுப் போய்விட்டார். இப்போது ஊரில் ஒரு ஹாட்வெயார் கடையில் நிற்கிறார். கண்டால் ஸலாம் சொல்லுவார். நாங்கள்தான் கொஞ்சம் வேகமாகக் கடந்து போகிறோம்.

செயலாளர் தம்பிக்கு இரண்டு விஷயம். உங்களுடைய ஆட்கள் பெரியவர்கள், தங்களுக்குத் தாங்களே கையொப்பம் வைப்பார்கள். ஆனால் சீனியர்மார் சுற்றி நிற்கும்போது எந்தப் புது மாணவன் எனக்கு முட்டு இருக்கிறது, ஏற ஏலாது என்று எழுதுவான்? படிவத்தை நீங்கள் சேர்க்காதீர்கள். உங்கள் சிரேஷ்ட பொருளாளரிடமோ ஒரு விரிவுரையாளரிடமோ நேரடியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். மற்றது, மூன்று கிழமைக்கு முன் கிடைத்த அனுமதிக்கு இன்றைய மழை தெரியாது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கிறதா என்று போகிற அன்று காலையில் பாருங்கள். போவதில்லை என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதை பஸ் ஏறும் முன்பே பேசி வையுங்கள். பஸ்ஸுக்குக் கட்டிய முற்பணம் போனால் போகட்டும்.

படிவத்தில் பாடசாலையின் பெயர் இருக்கும், அதை மாற்றிக்கொள்ளுங்கள். முதல் வரியை மட்டும் எடுத்து விடாதீர்கள். திரும்பி வந்ததும் ஒரு கோல் எடுங்கள், இன்ஷா அல்லாஹ்.