40 ஏக்கர்

என் தாத்தாவை வேலைக்கு எடுத்தவர் கங்காணி. தன் ஊரா, தன் சாதியா, தெரிந்த முகமா என்று பார்ப்பார், அவ்வளவுதான் நேர்காணல். ஆள் பிடித்ததற்குக் காசு தனி. பெரட்டில் வந்து நிற்கிற ஒவ்வொரு தலைக்கும் தினக் காசு தனி. எதிர்த்துப் பேசாதவன் நல்ல ஆள். 1938இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. கங்காணி போனார், அந்தப் புத்தி போகவில்லை.

நான் வேலை செய்வது பத்து பெரண்டாமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில். ‘புதிதாக யோசிப்பவர்கள் தேவை’ என்றுதான் விளம்பரம். ‘மெஷின் நின்றுபோனால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டோம். எல்லாரும், “சூப்பர்வைசர்கிட்ட சொல்வேன்” என்றார்கள். ஜாசின் பக்கத்துத் தோட்டத்துப் பெண் மட்டும், “கடைசியா எப்போ நின்னுச்சு, அப்போ யார் என்ன மாத்துனாங்கன்னு மொதல்ல கேட்பேன்” என்றாள். அவள் வெளியே போனதும் பக்கத்திலிருந்தவர், “வாய் ஜாஸ்தி. நம்ம டீமுக்கு ஒத்துவராது” என்றார். அரை மணி நேரம் வாதாடித்தான் அவளை எடுக்க முடிந்தது.

இத்தனைக்கும் மலாக்காவுக்கு ரப்பர் வந்ததே ஒரு ‘பைத்தியக்காரர்’ பேச்சைக் கேட்டுத்தான். 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு இயக்குநராக வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் வெட்டும் வழியைக் கண்டுபிடித்தார். பார்க்கிறவர்களிடமெல்லாம் ரப்பர் நடச் சொன்னார். காப்பி போட்டிருந்த துரைமார்கள் சிரித்தார்கள். டான் சே யான் சிரிக்கவில்லை. 1896இல் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கர் நட்டார். அதுவே மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம். நட்ட மரம் பால் கொடுக்க ஐந்தாறு வருடமாவது ஆகும். அதுவரை காத்திருந்தார்.

மரம் காசானதும், பால் வெட்ட வந்தவன் யோசிக்கவே கூடாது என்றானது.

ரிட்லி மாதிரி ஆட்கள் நம் லயங்களிலும் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு ஒரு சே யான் கிடைக்கவில்லை. வித்தியாசமாக யோசிப்பவரை வேலைக்கு எடுப்பது சுலபம். அவர் சொல்வதைச் செய்துபார்க்க நிலமும் காலமும் கொடுப்பதற்குத்தான் மனசு வராது. அந்தப் பெண் மூன்றாம் மாதமே ஒரு யோசனை சொன்னாள். “நேத்து வந்தவளுக்கு என்ன தெரியும்?” என்றார்கள். வேலைக்கு எடுத்து வாயை அடைப்பதற்கு எடுக்காமலே இருந்திருக்கலாம்.

அவளுக்கு ஒரு மெஷினும் ஆறு மாதமும் கொடுங்கள் என்று மேனேஜரிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. அடுத்த வாரம் மறுபடியும் கேட்பேன்.